விரிசலுக்கு முந்தைய பத்தி

‘ஆதிகாலந்தொட்டே மனிதன் பனியோடு...’
என்று ஆரம்பித்திருந்தேன்.
ஆதிகாலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
தெரிந்தது தார்த்து நகரில் ஒரு மூன்றாம் மாடி அறை,
சுவரோரம் வெந்நீர்க் குழாய்,
அதன்மேல் காயும் கையுறை.

மூன்று பக்கம் அப்படியே போயிற்று.
பூமியின் வெப்பம், நீரின் மூலக்கூறு,
நாற்பத்தோரு மேற்கோள்.
அவற்றில் பதினைந்தை நான் படித்ததே இல்லை.
கல்யாண வாசலில் நின்று
வந்தவர் போனவருக்கெல்லாம் கும்பிடு போட்டு
மாப்பிள்ளையை உள்ளே அழைக்க மறந்த கதை.

இரண்டாம் மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருந்தார்:
‘இந்தக் கட்டுரை நான்காம் பக்கத்தில்தான் பிறக்கிறது.’
பெயர் தெரியாத அந்த ஆளை
இரண்டு நாள் மனதாரத் திட்டினேன்.
மூன்றாம் நாள் காரில் ஏற்றினேன்
ஒலிவாங்கி, இரும்புக் கம்பி,
திருத்துவதற்கென்று அந்தப் பக்கங்கள்.
பெய்ப்சி ஏரி உறைந்து கிடந்தது.

வார்ன்யா கரையில் உஸ்தீன்யா.
அவள் வண்டிக்கு அங்கே கராகாத் என்று பெயர்:
லாரி டியூப்பில் நான்கு சக்கரம்,
செத்துப்போன லாடா ஒன்றின் இதயம்,
கதவுக்குப் பதில் தார்ப்பாய்.
மீன்பிடிக்கப் போகிறவர்களை ஏற்றி இரண்டு நடை முடித்திருந்தாள்.
மூன்றாவது நடைக்கு நான்.
எனக்குப் பாதிக் கட்டணம்; கம்பிக்குத் தனி.

ஏரியின் வரலாறு எதையும் அவள் சொல்லவில்லை.
ஐந்து கிலோமீட்டர் போனதும் எஞ்சினை அணைத்து
இறங்கிக் காலால் உதைத்தாள்.
பாளம் ‘தொம்’ என்றது.
நாலடி தள்ளி, ஈரப்பனி மூடிய இடத்தில்,
சத்தமே இல்லை; தலையணையைக் குத்தியது போல.
அதற்கும் அப்பால் கறுப்பாக ஒரு கோடு
ஆவி விட்டுக்கொண்டு.

‘இதுவரை எல்லாரும் வர்றாங்க.
அங்கே எவ்வளவு தடிமன்னு எனக்குத் தெரியாது,
தட்டினா பேச மாட்டேங்குது.
நீ எதுக்கு அங்கே போகணும்? சொல்லு.
சொன்னா பலகை எடுக்கிறேன்.’

குளிரில் பேனா எழுதவில்லை.
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தின் பின்புறம்
பென்சிலால், அவள் சொன்னதை அப்படியே.
பிறகு ‘எல்லாரும்’ என்பதை அடித்து
ஆறு பெயர் போட்டேன், நிஜமாகவே படித்த ஆறு.
‘தெரியாது’ என்பதை அடிக்க மனம் வரவில்லை.
‘எதுக்கு’ என்பதற்கு எதிரே
வெகுநேரம் வெறும் காகிதம்.

என்ன சொன்னேன் அவளிடம்?
பனிப்பாளம் மெலிந்தால் அதன் குரல் உயரும்,
அது உனக்கும் தெரியும்.
ஈரப்பனி போர்த்திவிட்டால் மெலிந்தது ஊமையாகிவிடுகிறது.
காதுக்கு எட்டாத அடிக்குரல் ஒன்று
அதற்கும் இருக்கலாம். அதைத் தேடுகிறேன்.
கிடைத்தால்
நீ உதைத்துப் பார்க்க வேண்டாம்.

யோசித்தாள்.
பலகையை இழுத்தாள்.
‘இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்.’
ஆறிப்போன எஞ்சினைப் பற்றித்தான் சொன்னாள்.

அன்றிரவு முதல் வரி இப்படி:
‘ஈரப்பனிக்கு அடியில் கிடக்கும் பாளத்தை
இதுவரை எவரும் கேட்டதில்லை.’
அடடா என்றிருந்தது.
பதினொரு மணிக்கு, ஃபின்லாந்துக் கிடங்கு ஒன்றில்
பழைய அறிக்கை அகப்பட்டது:
ஹைத்தியாலா என்றொருவர்,
ஒரு மாலை, ஒரு சுத்தியல், இரண்டு பீப்பாய்.
முடிவு தெளிவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.
‘எவரும்’ போயிற்று.
‘ஒருவர், ஒரு மாலை’ வந்தது.
என் விரிசல் ஒரு பலகை அகலமாகச் சுருங்கியது.
இருக்கட்டும்,
பலகையும் ஒன்றுதானே.

பழைய மூன்று பக்கம்?
திரும்பும் வழியில் உஸ்தீன்யா
புகையூட்டிய மீன் ஒன்று விற்றாள், பேரம் இல்லை.
சுற்றித் தரக் காகிதம் கேட்டாள், கொடுத்தேன்.
வீட்டில் பிரித்தபோது மை ஊறி
மீனின் வயிற்றுப் பக்கம்
ஆதிகாலம் தலைகீழாகப் பதிந்திருந்தது.
தோலை உரித்துவிட்டுத் தின்றேன்.